ஒரே வேலையும் உடல் களைப்பும்



“ஐயா, கனமா ஒண்ணும் தூக்கலே. ஆனா உடம்பு அசந்து போவுது” என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் பலர். இது சோம்பேறித்தனம் அல்ல. இதற்குக் காரணம் உண்டு.

பால்மரம் சீவுகிறவருக்கு ஒரு காலையில் 500, 600 மரம். எல்லாவற்றிலும் அதே குனிவு, அதே கைவீச்சு. செம்பனைக் குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கிறார். ஒரே தசை ஓய்வின்றி இழுபடுவதால் வலி வருகிறது. இது உடம்புக் களைப்பு. புதிதாக எதுவும் இல்லாததால் மூளையும் மந்தமாகிறது. கை தன் பாட்டுக்கு ஓடும். கவனம் எங்கோ போய்விடும்.

1948-ல் இங்கிலாந்தில் மெக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி எழுதினார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஓடும் முள் எப்போது இரட்டிப்பாகத் தாவுகிறது என்று இரண்டு மணி நேரம் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்த வேலைதான். அப்படியும் முதல் அரை மணிக்குப் பிறகே தவறவிடுவது கூடிவிட்டது. அரிவாளும் உளியும் பிடிக்கிற நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

அடையாளங்கள்: அடிக்கடி கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், மங்கை நிமிர்த்த மறப்பது, உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுவது. இன்று மரத்தில் விழுந்த காயம் நாளை விரலில் விழலாம்.

என்ன செய்யலாம்?

1. களைக்கும் முன்பே ஓய்வெடுங்கள். மணிக்கொரு தரம் இரண்டு நிமிடம் உளியை வைத்துவிட்டு, தோள், மணிக்கட்டு, கழுத்தை அசைத்துவிடுங்கள். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

2. வெட்டுகிறவரும் குலை சேர்க்கிறவரும் முறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழகாதவர் கையில் அரிவாளைக் கொடுக்காதீர்கள்.

3. கடைசி நிரையில் அவசரம் வேண்டாம். “முடிச்சிட்டு ஓடிடுவோம்” என்ற நினைப்புதான் ஆபத்து.

4. காலை 4 மணிக்கு எழுகிறவர் இரவு 9 மணிக்குள் படுக்க வேண்டும். வீட்டார் டிவி சத்தத்தைக் குறைத்து உதவுங்கள்.

5. சில சளி மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பொதுவாக, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது; இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். நாலு கிலோ கூடுதலுக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஓய்வு மறுக்கப்பட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

நன்றாகத் தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் களைப்பு நீடித்தால் கிளினிக்குக்கு வாருங்கள். ரத்தசோகையோ நீரிழிவோ இருக்கலாம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடுவோம்.