பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவோம்



பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒருவரையொருவர் அறியாதவர் இல்லை. லயத்தில் மெதுவாகப் பேசினாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே பாவத்தை வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகிறோம். பாவசங்கீர்த்தனத்திலும், "தவறிவிட்டேன் சுவாமி" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கொள்கிறோம்.

தாவீது அரசரைப் பாருங்கள் (2 சாமுவேல் 12). இறைவாக்கினர் நாத்தான் முன்னிலையில் அவர் சாக்குச் சொல்லவில்லை. பாவத்தை ஏற்றுக்கொண்டார், மன்னிப்பும் பெற்றார்.

கொழுந்து நிறுக்கையில் எடையைக் குறைத்து எழுதியவர், "எடையைக் குறைத்தேன்" என்றே சொல்லட்டும். சம்பளத்தைக் குடித்தழித்தவர், "பிள்ளைகளின் சோற்றைக் குடித்தேன்" என்று சொல்லட்டும். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது அறிக்கையன்று.

அச்சம் வேண்டாம். 1973இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்புரவுச் சடங்கின்படி குருவின் எதிரே அமர்ந்தும் சொல்லலாம். தட்டிக்குப் பின்னிருந்தும் சொல்லலாம். கேட்டதை அவர் எக்காரணத்திற்காகவும் வெளியிடலாகாது என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (983).

மன்னிப்பு இறைவனின் கொடை. ஆயினும் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. சக்கேயு நான்கு மடங்காகக் கொடுக்க முன்வந்தார் (லூக்கா 19). குறைத்த கிலோவின் கூலி கொழுந்து பறித்த பெண்ணுக்கே சேரவேண்டும்.

பாவமன்னிப்புப் பெற்றபின் பழையதைக் கிளறிக் கலங்குவது, இறைவன் தந்ததை வாங்க மறுப்பதாகும். வீட்டிலும் மன்னித்த குற்றத்தைச் சண்டையில் இழுக்காதிருப்போம்.

இவ்வாரம் இரவுச் செபத்தில் சற்று மௌனமாயிருந்து, ஒவ்வொருவரும் தம் பாவமொன்றைப் பெயரிட்டு நினைப்போம். குரு அடுத்த முறை தோட்டத்திற்குப் பூசைக்கு வருகையில், அதையே முதலில் சொல்வோம்.