டிஃபரென்ஷியல்: சத்தம் வரும் முன்பே கவனிப்போம்



நம் பகுதியில் லாரி ஓட்டியும் பட்டறையில் வேலை பார்த்தும் குடும்பம் நடத்துவோர் பலர். திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் செல்கிறது. கேரளத்துக்குச் சுமை ஏற்றிய வண்டி செங்கோட்டையைத் தாண்டி, புளியரை ஏற்றம் ஏறி, ஆரியங்காவு வழியாக இறங்க வேண்டும். அங்கே பெரும்பாடு படுவது பின் ஆக்ஸில் டிஃபரென்ஷியல்.

அதன் வேலை என்ன? புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியைப் பினியனும் கிரவுன் வீலும் சக்கரத்தின் பக்கம் திருப்புகின்றன. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற ஸ்டார் பினியன்கள் வழிவிடுகின்றன.

சத்தத்தைக் கேட்டே கோளாறை ஓரளவு ஊகிக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ ஊளையிட்டால், கிரவுன், பினியன் பற்களைப் பாருங்கள். வளைவில் மட்டும் சத்தம் வந்தால் ஸ்டார் பினியன்களைப் பாருங்கள். எப்போதும் இரைந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஆயில் பார்க்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சற்று ஆறவிடுங்கள். ஆயில் நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. டிரெய்ன் பிளக் காந்தத்தில் மெல்லிய பசை போன்ற தூள் இருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள்.

பலரும் மறப்பது, ஹவுசிங்கின் மேலுள்ள சிறிய பிரீதர். அது மண்ணால் அடைத்தால், சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அந்த ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கினால், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஓட்டுநரின் உயிர் மட்டுமல்ல, எதிரே வருபவர் உயிரும் அதில் இருக்கிறது. சர்வீஸின்போதெல்லாம் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிவு தெரிந்தால், சீலை மாற்றி லைனிங்கையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பட்டறைத் தம்பிகளுக்கு: ஆக்ஸிலை உருவியதும் கியரின் பிடி விட்டுப்போகும். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பல்லில் சாயம் தடவி, உரசும் இடம் சரிதானா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

வாடகை போகிறதே என்ற அவசரத்தில் கசிவைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு நாள் வாடகையை நாம் மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம்.