மின் தொகுப்பும் கூட்டாட்சிப் பொறுப்பும்

இந்திய அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. மத்திய அரசும் மாநில அரசுகளும் அதன் மீது சட்டம் இயற்றலாம். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் மாநில எல்லைகளை அறியாது. அதிகாரம் பகிரப்பட்டுள்ள நாட்டில் ஒரே மின் தொகுப்பை எவ்வாறு இயக்குவது என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

சமநிலையின் அளவுகோல்

மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைப்பது எளிதன்று. எனவே உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருத்தல் வேண்டும். இச்சமநிலையைக் காட்டுவது அதிர்வெண். இந்தியாவில் அது விநாடிக்கு 50 சுற்றுகள். நுகர்வு மிகுந்தால் மின்னாக்கிகளின் வேகம் தளர்ந்து அதிர்வெண் சரியும். ஒரு மாநிலம் தன் பங்கிற்கு மேல் எடுத்தால் தொகுப்பிலுள்ள அனைத்து மாநிலங்களிலும் அது குறையும்.

ஆட்சியாளரின் இக்கட்டு

மின்வெட்டின் துன்பத்தை வாக்காளர் உடனே உணர்கின்றனர். கூடுதலாக எடுப்பதன் தீங்கோ பலர் மீதும் பரவிவிடுகிறது. ஆதலால், பற்றாக்குறைக் காலத்தில் மின்பளுவைக் குறைக்குமாறு மண்டல மையம் பணித்தாலும் மாநிலங்கள் தயங்குவது இயல்பு.

ஆணை பலிக்காத இடத்தில் விலை புகுத்தப்பட்டது. 2002-03-இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, ஒதுக்கீட்டிற்கும் உண்மையில் எடுத்த அளவிற்கும் உள்ள வேறுபாடு 15 நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டது. அதிர்வெண் குறையக் குறைய, கூடுதலாக எடுத்த மின்சாரத்தின் விலை உயர்ந்தது. அதன்பின் அதிர்வெண் பெரிதும் சீரடைந்தது.

2012 தந்த பாடம்

எனினும் 2012 ஜூலை 30-இல் வட மண்டலத் தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. 30-ஆம் நாள் வீழ்ச்சிக்குச் சற்று முன் அதிர்வெண் 49.68 ஆகவே இருந்தது. ஆபத்தான சரிவு ஏதுமில்லை. மேற்கிலிருந்து வடக்கே மின்சாரம் கொண்டு சென்ற பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் மிகை பளுவால் துண்டிக்கப்பட்டதே வீழ்ச்சியைத் தொடங்கி வைத்தது. வட மாநிலங்கள் கூடுதலாக எடுத்தன. மேற்கு மாநிலங்கள் குறைவாக எடுத்தன. பளுவைச் சீர்செய்யுமாறு மண்டல மையங்கள் விடுத்த அறிவுறுத்தல்கள் போதிய அளவில் நிறைவேற்றப்படவில்லை என விசாரணைக் குழு கண்டது.

அதிர்வெண்ணைச் சார்ந்த விலை, தடத்தின் பளுவைக் காணவில்லை. ஆகவே 2014-இல் ஒதுக்கீட்டிலிருந்து விலகும் அளவிற்கே வரம்பு விதிக்கப்பட்டது. இதற்கிடையே 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் தடத்தின் வழியே தென் மண்டலமும் இணைந்து, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண் கொண்ட தொகுப்பாயிற்று.

தொகுப்பு விரிவடையும்போது உதவியின் எல்லை விரிகிறது. ஒருவர் தவறினால் வரும் தீங்கின் எல்லையும் உடன் விரிகிறது. உள்ளூர் வாக்காளருக்கு விடை கூற வேண்டிய அரசு, தொலைவிலுள்ள அண்டை மாநில மக்களுக்கும் பொறுப்பேற்க வேண்டியதாகிறது. அப்பொறுப்பை நிலைநிறுத்துவது ஒருவரது ஆணையன்று. அனைவரும் ஏற்ற விதியும், அதனை மீறுவோர் தவறாது ஏற்கும் செலவுமேயாகும்.