கீரைப்பாத்திக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லையில் அரைக்கீரை, தண்டுக்கீரை, முள்ளங்கி, ஒரு முருங்கை மரம். போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம். வீணாக வேண்டாமே என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரையும் பாத்திக்கே விட்டிருக்கிறோம். நிலத்தடி நீரில் அழியாத ரசாயனம் இருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். “செடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும், பயப்படாதே” என்கிறார் மாமியார். “மரத்தையே வெட்டிவிடலாம்” என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் அந்த ஆர்.ஓ. கழிவுக் குழாயில்தான் நின்றது அம்மா. அதை இன்றைக்கே பாத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பள்ளியில் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் தண்டுக்குள் சிவப்புக் கோடு மெல்ல ஏறும். அதே செடியின் இலைகள்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் பையின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கும். அந்தத் துளியில் சிவப்பு துளிகூட இருக்காது. மை தண்டிலும் இலை நரம்பிலும் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் ஆவியாகப் போயிருக்கும். நாள்தோறும் இப்படி இழுத்து இழுத்து, இலையில் சேர்வது சேர்ந்துகொண்டே போகும். ஆக, மாமியார் சொன்னதில் பாதி உண்மை: செடி வடிகட்டத்தான் செய்கிறது. ஆனால் வடிகட்டியதை நாம் பறித்துக் கூட்டு வைக்கிறோம்.

செய்தியில் வந்தது பிஃபாஸ் என்னும் ரசாயனக் குடும்பம். கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிணைந்தவை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் வெயிலுக்கும் அசையாதவை. ஒட்டாத தவா, கறை பிடிக்காத துணி, தீயணைப்பு நுரை, குரோம் முலாம் தொட்டியில் புகை எழும்பாமல் தடுக்கும் திரவம் எனப் பல வழிகளில் இவை புழங்கின. 1964 முதல் இயங்கும் அம்பத்தூர் பேட்டையில் முலாம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அடையாற்றிலும், பக்கிங்காம் கால்வாயிலும், பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலும் பிஃபாஸைக் கண்டிருக்கிறார்கள். 2024இல் அந்தச் செய்தியைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

செடிக்குள் இவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேரின் நடுக்குழாயைச் சுற்றி மெழுகுபோல ஒரு வளையம் உண்டு. எட்டு கார்பன் கொண்ட நீளச் சங்கிலி பெரும்பாலும் அதைத் தாண்டாமல் வேரோடு ஒட்டி நின்றுவிடும். நாலு கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி தண்ணீரோடு தண்ணீராக இலைக்கு ஏறிவிடும். அதனால் கீரையில் அதிகம், காய் கனியில் பொதுவாகக் குறைவு, தானியத்தில் அதைவிடக் குறைவு. எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இலும் 2019இலும் எட்டு கார்பன் சரக்குகளைக் கட்டுப்பாட்டு, தடைப் பட்டியல்களில் சேர்த்தது. ஆலைகள் அதற்கு மாற்றாகப் பிடித்தது குட்டைச் சங்கிலியை, அதாவது கீரைக்குள் எளிதாக ஏறுகிற சரக்கை.

இப்போது ஆர்.ஓ. விஷயம். மூன்று குடம் உள்ளே போய், ஒரு குடம் நல்ல தண்ணீரும் இரண்டு குடம் கழிவும் வந்தால், மூன்று குடத்தின் அழுக்கும் அந்த இரண்டில்தான் இருக்கும். ஒன்றரை மடங்கு கெட்டியான தண்ணீரைக் கீரைக்கு ஊட்டுகிறீர்கள். அது கக்கூஸ் கழுவ, வாசல் கழுவ ஆகட்டும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துத் தைரியம் கொள்ளாதீர்கள். அது மில்லிகிராம் கணக்கு. எட்டு கார்பன் பிஃபாஸ் இரண்டுக்கு அமெரிக்கா 2024இல் குடிநீரில் வைத்த வரம்பு, ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் கூறாகப் பிரித்தால் ஒரு கூறுதான் ஒரு நானோகிராம்.

கீரையை அலசினால் மண்ணும் தூசியும் போகும், இது போகாது. கொதித்தாலும் சிதையாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கீரைக்கென்றே வையுங்கள். உலகத்து மழையிலேயே இம்மியளவு பிஃபாஸ் கலந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் ஆலைக்கழிவு இறங்கிய நிலத்தடி நீரைவிட அது எவ்வளவோ மேல். கோடையில் மழைநீர் தீர்ந்தால் கீரையை நிறுத்திவிட்டு வெண்டை, கத்தரி, அவரை போடுங்கள். முள்ளங்கியைப் புது மண் நிரப்பிய தொட்டிக்கு மாற்றுங்கள். மக்கிய எருவும் தேங்காய்ச்சிரட்டைக் கரியும் தாராளமாகக் கலந்தால் நீளச் சங்கிலியைப் பிடித்து வைக்கும். குட்டைச் சங்கிலிக்கு அந்தப் பிடி போதாது. ஏரி வண்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்து வாங்கிவிடாதீர்கள். ஏரியிலிருந்து வாரிக் கரையில் குவிக்கும் ஆகாயத்தாமரையும் உரக்குழிக்கு வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

செடியை வைத்தே நிலத்தைச் சுத்தம் செய்ய முடியுமா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பழைய லோரிங் விமானப்படைத் தளத்தில், மிக்மாக் பழங்குடியினர் கஞ்சா இனத்து நார்ச்செடியான ஹெம்ப்பை 2019 முதல் நட்டுப் பார்த்தார்கள். செடி ரசாயனத்தை இழுத்தது. அறுவடையை என்ன செய்வது என்பதுதான் அங்கேயும் பெரிய கேள்வி. இழுத்ததைச் செடி செரிப்பதில்லையே.

முருங்கையை வெட்ட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். வேரூன்றிய மரத்துக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. காயைக் குழம்பில் போடுங்கள். கீரையை மட்டும், உங்கள் போர் தண்ணீரைப் பிஃபாஸ் அளக்கும் வசதியுள்ள ஆய்வகத்தில் பார்க்கும்வரை, வாரம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.