ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு பிடி பேரீச்சம்பழமும்



நிஃமத் என்றதும் நம் மனம் பெரியவற்றின் பக்கமே ஓடுகிறது. சொந்த வீடு, மகனுக்கு வெளிநாட்டு வேலை, மகளுக்கு நல்ல இடத்தில் நிக்காஹ், ஹஜ் பயணம். இவை கிடைத்த அன்று வாய் நிறைய அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். ஆனால் இவையெல்லாம் ஆயுளில் சில முறை வருபவை. மற்ற நாட்களில் நம்மிடம் ஒன்றுமே இல்லையா? ஃபஜ்ருக்கு எழும்போது முகத்தில் படும் குளிர்ந்த காற்று, சூடான தேநீர், பள்ளிவிட்டு ஓடிவரும் பேரப்பிள்ளை, படுத்தவுடன் வரும் தூக்கம் ஆகியவை எந்தக் கணக்கில் சேரும்?

திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயமான அத்தகாஸுரில் எட்டே வசனங்கள்தாம். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற போட்டி மனிதனின் கவனத்தைத் திருப்பிவிட்டதைப் பற்றி அது தொடங்குகிறது. அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் கேட்கப்படுவோம் என்று முடிகிறது. இல்லாததை எண்ணி ஓடுகிறவன், இருந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவனாக நிற்கிறான்.

கேட்கப்படும் அந்த அருட்கொடை எது? முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்ச்சி இதை விளக்குகிறது. வழக்கமாக யாரும் வெளியே வராத நேரத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியே வந்தார்கள். அங்கே அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் நின்றார்கள். மூவரையும் வீட்டைவிட்டு வெளியே வரவைத்தது பசிதான். மூவரும் ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். நல்ல தண்ணீர் எடுக்கப் போயிருந்த அவர் திரும்பிவந்து விருந்தினரைப் பார்த்ததும் மகிழ்ந்து போனார். உடனே ஒரு பேரீச்சங்குலையைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஆட்டை அறுத்துச் சமைத்தார். உண்டு, குடித்து, பசி அடங்கிய பிறகு, மறுமையில் கேட்கப்படும் அருட்கொடை இதுதான் என்று தோழர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். பழம், இறைச்சி, தண்ணீர். நம்மில் பலருக்கு இது ஒரு சாதாரண மதியச் சாப்பாடு.

அந்தத் தண்ணீரின் மதிப்பை நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் சிறுநீரக நோயாளிகளிடம் கேட்க வேண்டும். நலமாக உள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. நாம் தூங்கும்போதும் அந்த வேலை நடக்கிறது. அது நின்றுபோனவர் வாரத்தில் இரண்டு, மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்போல டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். தண்ணீரும் அளந்துதான். தேநீர், ரசம், கஞ்சி எல்லாமே அந்த அளவுக்குள் அடக்கம். அப்படிப்பட்ட சகோதரர் ஒருவர் சொன்னார்: "பணக் கஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கிறேன் பாய். வெயில்ல ஒரு சொம்புத் தண்ணியை அளக்காம குடிக்க முடியலையேன்னுதான் இருக்கு." அவர் ஏங்குவதை நாம் நின்றபடியே, பாதிக் கவனத்தோடு குடித்துவிட்டுப் போகிறோம்.

ஷுக்ர் மூன்று இடங்களில் இருக்க வேண்டும் என்பார்கள் ஆலிம்கள்: உள்ளத்தில், நாவில், உறுப்புகளில்.

உள்ளத்தின் ஷுக்ர், கவனிப்பது. உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மிடறாகக் குடிக்கும் சுன்னத்தில் இந்தப் பயிற்சி இருக்கிறது. அவசரமாகக் குடிப்பவனுக்குத் தாகம் தீரும். நிறுத்திக் குடிப்பவனுக்குத் தாகம் தீர்வதும் தெரியும்.

நாவின் ஷுக்ர், இருப்பதைப் பாராட்டுவது. ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டபோது, காடியைத் தவிர வேறில்லை என்றார்கள். அதையே வரவழைத்து, நல்ல குழம்பு என்று புகழ்ந்தபடி உண்டார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை சொன்னதில்லை. நம் வீட்டில் உம்மாவோ மனைவியோ அடுப்படியில் வியர்த்து ஆக்கிய சோற்றுக்கு நாம் சொல்லும் முதல் வார்த்தை என்ன? மனிதருக்கு நன்றி சொல்லாதவர் இறைவனுக்கும் நன்றி சொன்னவராக மாட்டார் என்பது நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான்.

உறுப்புகளின் ஷுக்ர், பகிர்வது. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வாடகை கட்ட வழியில்லாமல் வந்து நிற்பவரிடம், "இருப்பதைக் கொண்டு ஷுக்ர் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புவது உபதேசமாகாது. நம் தட்டைப் பார்த்து நாம் சொல்ல வேண்டிய சொல் அது. அடுத்தவரின் வெறும் தட்டைப் பார்த்துச் சொல்வதற்கல்ல. பசியோடு வந்த மூவருக்கு அந்த அன்ஸாரித் தோழர் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. பழக்குலையை எடுத்து முன்னே வைத்தார்.

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பெரிய செல்வம் தேவையில்லை. இந்த வாரம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அன்று கிடைத்த சிறு இன்பம் ஒன்றை வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.

கிடைத்ததை உணரும் உள்ளத்தையும், உணர்ந்ததைப் பகிரும் கையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்