வாய்விட்டுப் பழகுங்கள்

புவனகிரியிலிருந்து பிள்ளைகளோடு இருக்க அமெரிக்கா போகிற என் வயதுக்காரர்களுக்கு எழுதுகிறேன். நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த நாட்டின் குடியுரிமை நேர்காணலுக்கு 68 வயதில் போனேன்.

1. கிரீன் கார்டு கையில் வந்த அன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். ஊருக்கு வந்த தேதி, திரும்பிய தேதி எல்லாம் அதில் ஏறட்டும். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருடம் ஆகவேண்டும். அதில் 30 மாதமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் சிக்கல்.

2. வயதானவர்களுக்கு நேர்காணலைத் தமிழிலேயே நடத்துவார்கள் என்று யாராவது சொன்னால் முழுதாகக் கேளுங்கள். 50 வயதோடு 20 வருட கிரீன் கார்டு, அல்லது 55 வயதோடு 15 வருடம் இருந்தால்தான் அந்தச் சலுகை. அறுபதுக்கு மேல் போகும் நமக்கு ஐந்தாம் வருடத்தில் அது கிடைக்காது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கவேண்டும், ஒன்று எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு உண்டு.

3. நேர்காணலில் கேட்கும் குடிமையியல் கேள்விகளுக்குப் பழைய புத்தகத்தை இரவல் வாங்காதீர்கள். முன்பு 100 கேள்வியில் 10 கேட்டு, 6 சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்வி. 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்கவேண்டும்.

4. எனக்கு எல்லாம் மனப்பாடம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேரன் எதிரே உட்கார்ந்து, வரிசையை மாற்றி, அவன் வேகத்தில் ஒரு கேள்வி கேட்டான். விழித்தேன். பதில் தெரியும், கேள்விதான் காதில் ஏறவில்லை. அன்றே புத்தகத்தை மூடினேன். தினம் கால் மணி நேரம், ஒருநாள் பேரன், ஒருநாள் மருமகள், ஒருநாள் மகன் என்று குரல் மாற்றிக் கேட்கச் சொன்னேன். புரியாவிட்டால் "ப்ளீஸ் ரிப்பீட்" என்று கேட்பதையும் கூச்சம் போகும்வரை பழகினேன்.

5. பலரும் கோட்டை விடுவது குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில். பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள், நாம் கையெழுத்துப் போட்டதோடு சரி. அதிகாரி அதைத்தான் வரிவரியாகக் கேட்பார். "ஹேவ் யூ எவர்" என்று தொடங்கும் கேள்விகள் நிறைய. நமக்குப் பெரும்பாலும் "நோ"தான். அதே வேகத்தில், உறுதிமொழி எடுக்கச் சம்மதமா என்பதற்கும் "நோ" சொல்லிவிடும் அபாயம் உண்டு. வீட்டில் நான் இரண்டு முறை சொன்னேன். "ஓத் என்றால் என்ன?" என்றும் கேட்கலாம். "ப்ராமிஸ்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

6. பெயர். நமக்கு இனிஷியல்தான், அங்கே அதுவே குடும்பப் பெயராகிவிடும். காத்திருக்கும் கூடத்தில் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போய் எட்டு வருடம். ஒரு நிமிடம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. அந்தப் பேருக்கும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

7. ஆங்கிலத்திலோ கேள்விகளிலோ தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். தவறிய பகுதியை மட்டும் திரும்பச் செய்தால் போதும். அழாதீர்கள்.

8. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும். ஓசிஐ அட்டை வாங்கினால் வந்து போகலாம், தங்கலாம்; இங்கே ஓட்டுப் போட முடியாது, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. வெள்ளாற்றங்கரையில் காணி வாங்கும் ஆசை இருந்தால், விண்ணப்பம் போடுமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.