மனநலத்துக்கும் மதிப்பெண்

நியூஜெர்சியில் ஒரு மனநல சிகிச்சை மையத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவ நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பின் அங்கீகாரத்துக்குச் சிகிச்சைப் பலனை அளந்து காட்ட வேண்டுமாம். மனதை எப்படி அளப்பது? – ஒரு வாசகி

கவலை வேண்டாம், அளவுகோலை நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள கமிஷனின் விதி கேட்பது, ஏற்கெனவே தரப்படுத்தப்பட்ட ஒரு கேள்வித்தாளைத்தான். மனச்சோர்வுக்குப் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இருக்கிறது: 9 கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண் (கூடக்கூடச் சோர்வு அதிகம்), கட்டணமில்லை. ஆனால் சேர்க்கையன்று நிரப்பிக் கோப்பில் வைத்துவிட்டால் போதாது. சிகிச்சை நடக்க நடக்க மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை நோயாளியிடமே காட்டிப் பேசுங்கள். அது இறங்காவிட்டால் சிகிச்சைத் திட்டத்தை மாற்றி, மாற்றிய காரணத்தையும் எழுதிவையுங்கள். கமிஷனின் ஆய்வாளருக்காக அல்ல, நோயாளிக்காகவே இது அவசியம். எல்லோருடைய மதிப்பெண்களையும் தொகுத்தால் மையத்தின் பலனும் தெரியும்; விதி அதையும் கேட்கிறது. இந்த வாரமே தொடங்குங்கள்.